விண்டோஸ் 11-க்கு மாறும் முன் கம்ப்யூட்டரில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், இன்டெல் ஐ5-8400 ப்ராசஸர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. மெஷின் விண்டோஸ் 11-க்குப் பொருந்துமா என்று பார்க்கும் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற டூலை ஓட்டிப் பார்த்தால் டிபிஎம் 2.0-க்கு ஒன்று, செக்யூர் பூட்டுக்கு ஒன்று என இரண்டு சிவப்புக் குறி. புது மெஷின் வாங்கிவிடு என்கிறார் நண்பர். வாங்கத்தான் வேண்டுமா, வேண்டாம் என்றால் அப்கிரேட் செய்வதற்கு முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். அந்த இரண்டு சிவப்புக் குறிகளும் அநேகமாக பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டிலிருந்து ஓடும் செட்டிங் பகுதி) இரண்டு செட்டிங்கையும் டிஸ்க்கில் ஒரு சின்ன மாற்றத்தையும் செய்தால் போய்விடும். ஆனால் பச்சைக் குறி வந்ததும் இன்ஸ்டால் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். அந்த டூல் பார்ப்பது விண்டோஸ் 11 உங்கள் மெஷினை ஏற்றுக்கொள்ளுமா என்பதை மட்டும்தான். அப்கிரேட் பாதியில் நின்றால் மெஷின் திரும்ப எழுந்திருக்குமா, ஃபைல்கள் மிஞ்சுமா, பிரின்டர் ஓடுமா என்பதெல்லாம் அதன் கணக்கிலேயே கிடையாது. அதனால் அது முடியாது என்றாலும் உடனே நம்ப வேண்டாம், முடியும் என்றாலும் உடனே நம்ப வேண்டாம்.

முதலில் அந்த "முடியாது". 2021 ஜூனில் விண்டோஸ் 11-ஐ அறிவித்தபோது கூடவே வந்த டூல் இது. அப்போது முடியாது என்று மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது. பயனாளர்கள் போட்ட சத்தத்தில் மைக்ரோசாஃப்ட் அதைத் திரும்பப் பெற்று, செப்டம்பரில் காரணத்தையும் காட்டும்படி திருத்தி வெளியிட்டது. இப்போது காரணம் சொல்கிறது, சரி, ஆனால் "டிபிஎம் இருக்க வேண்டும், இயக்கத்திலும் இருக்க வேண்டும்" என்று இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்லிவிடுவதால், மெஷினில் அந்த வசதியே இல்லையா, இருந்தும் அணைந்து கிடக்கிறதா என்பது படிப்பவருக்குப் புரிவதில்லை. பலர் நல்ல மெஷினைத் தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான்.

நிபந்தனைகளில் நம்மால் மாற்ற முடியாதது ப்ராசஸர். இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல். ஐ5-8400 என்பதில் கோட்டுக்குப் பின் வரும் 8 தான் அந்தத் தலைமுறை எண். ஆகவே நீங்கள் எல்லைக்கோட்டுக்குள் இருக்கிறீர்கள். ஐ5-7400 வைத்திருந்தால் இந்தப் பதிலையே வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும். (7-ஆம் தலைமுறையில் ஐ7-7820ஹெச்க்யூ போல ஒருசில விதிவிலக்குகள் உண்டு, அது மைக்ரோசாஃப்டின் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-இல் இருந்த ப்ராசஸர் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.) ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் அங்கே பெயரை மட்டும் நம்பினால் சிக்கல்: லேப்டாப்பில் வந்த ரைசன் 5 2500யூ, பெயரில் 2000 வரிசையாக இருந்தாலும் உள்ளே முந்தைய தலைமுறை வடிவமைப்பு என்பதால் பட்டியலில் இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் போட்டிருக்கும் பட்டியலில் மாடல் எண்ணைத் தேடிப் பார்ப்பதுதான் பத்திரம்.

மற்ற நிபந்தனைகள், அதாவது 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க், டைரக்ட்எக்ஸ் 12 தெரிந்த கிராஃபிக்ஸ், 720பி திரை, இவையெல்லாம் உங்கள் மெஷினுக்குப் பொருட்டே இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள்: செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போனால் 64-பிட்டா 32-பிட்டா என்று இருக்கும். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. யாராவது 32-பிட் விண்டோஸ் 10 போட்டு வைத்திருந்தால் இருப்பதை அப்படியே மேலே ஏற்ற முடியாது, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

அடுத்து டிபிஎம். டிஸ்க்கில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் என்கிரிப்ஷன் சாவிகளைப் பாதுகாத்து வைக்கும் வசதி இது. தனிச் சில்லாகவும் வரும், ப்ராசஸரின் ஃபர்ம்வேருக்குள்ளும் இருக்கும். 2016 ஜூலை 28-க்குப் பிறகு விண்டோஸ் 10-உடன் விற்பனைக்கு வந்த புது மாடல்களில் டிபிஎம் 2.0 இயக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் தயாரிப்பாளர்களிடம் கட்டாயமாக்கியது. ஆனால் தனியாக வாங்கிப் பூட்டும் மதர்போர்டுகளுக்கு அந்தக் கட்டாயம் பொருந்தாது; அவற்றில் பெரும்பாலும் அணைத்தேதான் வரும். உங்கள் கதையும் அதுவாகத்தான் இருக்கும். பயாஸுக்குள் போங்கள் (ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2, மதர்போர்டைப் பொறுத்து மாறும்), செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்டு பக்கத்தில் இன்டெல் என்றால் பிடிடி என்றும், ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்றும் ஒரு வரி இருக்கும், அதை எனேபிள் செய்தால் போதும். பக்கத்திலேயே "கிளியர் டிபிஎம்" என்று ஒன்று இருக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள். ஏற்கனவே டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் சாவியே போய்விடும். வெளியே டிபிஎம் சில் விற்கிறார்களே, வாங்கிச் செருகலாமா என்றும் சிலர் கேட்பார்கள். உங்கள் ப்ராசஸருக்கு அது வெட்டிச் செலவு.

இரண்டாவது சிவப்புக் குறியான செக்யூர் பூட்தான் (மெஷின் எழும்போது நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் ஓடவிடும் வசதி) கொஞ்சம் வேலை வைக்கும். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் "பயாஸ் மோட்" என்று ஒரு வரி வரும். அங்கே யூஈஎஃப்ஐ (மெஷின் எழும் புதிய முறை) என்று இருந்தால் பயாஸில் செக்யூர் பூட்டை ஆன் செய்வதோடு முடிந்தது. ஆனால் மெஷினே செக்யூர் பூட்டைத் தாங்காது என்கிற மாதிரி டூல் சொல்கிறது என்றால் உங்களுடையதில் லெகஸி என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். யாரோ விண்டோஸ் போடும்போது பழைய முறையில் போட்டிருக்கிறார்கள், டிஸ்க்கும் எம்பிஆர் என்கிற பழைய அமைப்பில் இருக்கும். இந்த நிலையில் பயாஸில் போய் லெகஸியை யூஈஎஃப்ஐ என்று மாற்றிவிட்டால் அடுத்த முறை விண்டோஸ் எழுந்திருக்காது; யூஈஎஃப்ஐ அந்த டிஸ்க்கைப் பூட் ஆகக்கூடிய டிஸ்க்காகவே பார்க்காது. பயந்துவிட வேண்டாம், திரும்ப லெகஸி என்று வைத்தால் வந்துவிடும். ஆனால் முதல் முறை கறுப்புத் திரையைப் பார்ப்பவர் ஃபார்மட் வரைக்கும் போய்விடுவார், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

முதலில் டிஸ்க்கை எம்பிஆரிலிருந்து ஜிபிடி என்கிற புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும், அப்புறம்தான் பயாஸ். இதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கமாண்ட் விண்டோஸ் 10-க்குள்ளேயே, 1703 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஃபைல்களை அழிக்காமல் மாற்றிக்கொடுக்கும், தனி சாஃப்ட்வேர் வாங்கத் தேவையில்லை. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் முதலில் "வேலிடேட்" ஆப்ஷனோடு ஓட்டுங்கள், அது எதையும் மாற்றாது, முடியுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். அது சரி என்றால் மட்டும் "கன்வர்ட்". (ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செய்வதால் இரண்டு முறையும் "அலோ ஃபுல் ஓஎஸ்" ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் மறுத்துவிடும்.) டிஸ்க்கில் மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன் இருந்தால் வேலிடேட்டிலேயே நின்றுவிடும். இன்னொரு விஷயம், மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு செருகியிருந்தால் லெகஸி ஆதரவை அணைத்ததும் திரையில் ஒன்றுமே வராமல் போகலாம். அப்போது கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே செருகிப் பாருங்கள், ஐ5-8400-இல் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது.

இவ்வளவும் சொன்னேனே தவிர, இதை எதையும் இப்போது உங்களிடம் இருக்கும் அந்த ஹார்ட் டிஸ்க்கில் செய்யாதீர்கள். என் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 11 ஓடும்தான், ஆனால் ஸ்டார்ட் மெனு திறப்பதற்குள் நீங்கள் வேறு வேலையை முடித்துவிடலாம், அவ்வளவு மந்தம். அதனால் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள். பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் செய்யுங்கள், விண்டோஸ் 10 எஸ்எஸ்டியிலிருந்து ஒழுங்காக எழுந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி அதை அலமாரியில் வைத்துவிடுங்கள். ஜிபிடி மாற்றம், பயாஸ் மாற்றம், அப்கிரேட் எல்லாவற்றையும் எஸ்எஸ்டியின் மேல் செய்யுங்கள். என்ன சொதப்பினாலும் பழைய டிஸ்க்கைச் செருகி, பயாஸை லெகஸிக்குத் திருப்பினால் பழையபடி விண்டோஸ் 10, உங்கள் ஃபைல்களோடு. எந்த பேக்கப் சாஃப்ட்வேரும் இவ்வளவு சுலபமாகத் திரும்ப வழி கொடுக்காது.

குளோன் செய்வதற்கு முன் அந்த டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச டூல் டிஸ்க்குக்குள் பதிவாகியிருக்கும் ஸ்மார்ட் என்கிற உடல்நலக் கணக்கைப் படித்துக் காட்டும். நீலம் என்றால் சரி, மஞ்சள் என்றால் எச்சரிக்கை. அதில் ரீஅலொகேட்டட், பெண்டிங் (கெட்டுப்போன, கெட்டுவிட்டதாகச் சந்தேகிக்கும் பகுதிகள்) என்ற இரண்டு வரிகளில் பூஜ்ஜியம் அல்லாத எண் இருந்து அது நாளுக்கு நாள் ஏறினால் அப்கிரேட் பேச்சையே விட்டுவிட்டு, அன்றைக்கே முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். அப்கிரேட் என்பது டிஸ்க் முழுக்கப் படித்து எழுதும் கனமான வேலை. சாகக் கிடக்கும் டிஸ்க் அதில் போய்ச் சேர்வது சாதாரணமாக நடக்கும். பழி விண்டோஸ் 11 மேல் விழும்.

அந்தப் பழைய டிஸ்க் ஒன்றே போதும் என்றும் இருந்துவிட வேண்டாம். கணக்கு, போட்டோ மாதிரி திரும்பக் கிடைக்காதவற்றுக்கு இன்னொரு காப்பி வெளி டிஸ்க்கில் இருக்கட்டும். மைக்ரோசாஃப்ட் சோதித்துத்தானே வெளியிடுகிறது, ஃபைல்கள் எங்கே போகும் என்று கேட்பவர்களுக்கு 2018 அக்டோபரைச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-இன் 1809 அப்டேட் வெளிவந்த சில நாட்களிலேயே, சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் ஃபைல்கள் அழிந்துபோனதால் நிறுத்தி வைக்கப்பட்டு, சரிசெய்து நவம்பரில்தான் மறுபடி வந்தது. ஒன்டிரைவில் இருக்கிறது என்றால் அது சிங்க், பேக்கப் அல்ல. இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும். காப்பி எடுத்த பிறகு அந்த வெளி டிஸ்க்கையும் பென் டிரைவ்களையும் கழற்றிவிட்டுத்தான் அப்கிரேடைத் தொடங்க வேண்டும். 2019 மே அப்டேட்டின்போது யூஎஸ்பி டிஸ்க் செருகியிருந்த மெஷின்களை மைக்ரோசாஃப்டே தடுத்து நிறுத்தியது, டிரைவ் எழுத்துகள் இடம் மாறிவிடும் என்பதால்.

லேப்டாப்பில் செய்பவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்யும் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் செட்டிங்ஸில் ஆன் ஆகியிருக்கிறதா? பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் லாகின் செய்த உடனே அது தானாகவே ஆன் ஆகியிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. அந்த நிலையில் பயாஸில் கை வைத்தால் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு நிற்கும், கீ இல்லையென்றால் உள்ளே இருப்பது அத்தனையும் போனதுதான். அக்கவுண்ட் பக்கத்தில் அந்தக் கீ சேமித்திருக்கும். முன்பே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள், அதே லேப்டாப்பில் நோட்பேடில் சேமிக்காதீர்கள். பயாஸ் மாற்றமோ பயாஸ் அப்டேட்டோ செய்யும் முன் பிட்லாக்கரை சஸ்பென்ட் செய்துவிடுவதும் நல்லது. உங்கள் டெஸ்க்டாப் லெகஸியில் டிபிஎம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்ததால் இது தானாக ஆன் ஆகியிருக்க வாய்ப்பில்லை.

இடம் விஷயத்தில், சி டிரைவில் 30 ஜிபியாவது காலி இருந்தால் நிம்மதி. பழைய விண்டோஸ் முழுவதையும் விண்டோஸ்.ஓல்ட் என்று ஒரு ஃபோல்டரில் எடுத்து வைத்துக்கொள்வதால் அவ்வளவு வேண்டியிருக்கிறது. சி-யில் 200 ஜிபி காலியாக இருந்தும் "சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை" என்று நின்றால் ஆச்சரியப்படாதீர்கள். டிஸ்க்கின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு 100 எம்பி பார்ட்டிஷன் இருக்கும், அது நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். சில செக்யூரிட்டி சாஃப்ட்வேர்கள் அங்கே எழுதி வைப்பதுண்டு.

டிரைவர்களுக்கு வருவோம். மதர்போர்டு தயாரிப்பாளரின் பக்கத்தில் உங்கள் மாடலைத் தேடி, விண்டோஸ் 11 என்று தேர்ந்தெடுத்தால் என்ன வருகிறது என்று பாருங்கள். பட்டியல் காலியாக இருந்தாலும் விண்டோஸ் 10 டிரைவர்கள் பெரும்பாலும் வேலை செய்துவிடும். ஆனால் நெட்வொர்க் டிரைவரை மட்டும் ஒரு பென் டிரைவில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா டிரைவரையும் இன்டர்நெட்டிலிருந்து எடுத்துவிடலாம், இன்டர்நெட்டுக்கே டிரைவர் இல்லையென்றால்தான் சிக்கல். பயாஸுக்கு அப்டேட் இருந்தால் அதையும் போட்டுவிடலாம். குறிப்பாக ஏஎம்டி மெஷின்களில் எஃப்டிபிஎம் ஆன் செய்த பிறகு அவ்வப்போது திக்கி நிற்கும் கோளாறு ஒன்று இருந்தது, அது 2022-இல் வந்த பயாஸ் அப்டேட்களில்தான் தீர்ந்தது. பழைய பிரின்டர், ஸ்கேனர், யூஎஸ்பி டாங்கிள் வைத்து ஓடும் கணக்கு சாஃப்ட்வேர், விபிஎன் இவற்றுக்கு ஒவ்வொன்றாகத் தயாரிப்பாளரின் பக்கத்தைப் பார்ப்பதைத் தவிர குறுக்கு வழி கிடையாது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கும் ஏதாவது தளம் உங்களுக்குத் தேவைப்பட்டால், விண்டோஸ் 11-இல் அது தனி பிரவுசராக இல்லை, எட்ஜுக்குள் ஐஈ மோட் என்று வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 10-இல் இருக்கும்போதே எட்ஜில் அந்த மோடைப் போட்டு அந்தத் தளத்தைச் சோதித்துவிடலாம். வேர்டுபேடும் 24ஹெச்2 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது, யாரேனும் அதை நம்பி இருந்தால்.

வேறு கம்பெனியின் ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அணைத்தால் போதாது, அன்இன்ஸ்டால் செய்துவிட்டுத் தொடங்குங்கள். அப்கிரேட் முடிந்த பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம், உண்மையில் விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும் என்பது என் கட்சி.

இவ்வளவுக்குப் பிறகு டூல் பச்சை காட்டியும் விண்டோஸ் அப்டேட்டில் அப்கிரேட் வரவில்லை என்றால் அவசரப்பட்டு வேறு வழியில் திணிக்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட டிரைவரோ சாஃப்ட்வேரோ நீலத் திரையில் கொண்டுபோய் விடுகிறது என்று தெரிந்தால் அது உள்ள மெஷின்களுக்கு மட்டும் மைக்ரோசாஃப்ட் அப்கிரேடை நிறுத்தி வைக்கும். இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் டிரைவரின் சில பதிப்புகளால் 11-ஆம் தலைமுறை மெஷின்களுக்கு இப்படி நடந்தது; டிரைவரைப் புதுப்பித்ததும் தடை விலகியது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி, விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ ஃபைலை (இன்ஸ்டால் செய்யத் தேவையானது முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) மைக்ரோசாஃப்ட் தளத்தில் டவுன்லோடு செய்து, விண்டோஸ் 10-க்குள் இருந்தபடியே இரட்டை க்ளிக்கில் திறந்து செட்டப்பை ஓட்டுவது. ஒத்துவராத சாஃப்ட்வேர், டிரைவர் இருந்தால் பெயரோடு சொல்லும். "ரெடி டு இன்ஸ்டால்" என்ற பக்கம் வரும்வரை உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும், மூடிவிட்டு வந்துவிடலாம். நிஜமாகவே தயார்நிலையைச் சோதிப்பது என்றால் பிசி ஹெல்த் செக்கைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

ப்ராசஸர் பட்டியலில் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம். ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் உள் செட்டிங் தொகுப்பில் மாற்றியோ, ரூஃபஸ் என்ற டூலால் பென் டிரைவ் தயார் செய்தோ சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11 போட முடியும். ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை, ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் மறுபடி அதே வித்தையைச் செய்ய வேண்டியிருக்கும். விளையாட்டுக்கு வைத்திருக்கும் மெஷின் என்றால் செய்து பாருங்கள், பிழைப்பு ஓடும் மெஷினில் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தாலும், வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் ஈஎஸ்யூ திட்டத்தை அறிவித்தார்கள். 22ஹெச்2 பதிப்பில் இருக்க வேண்டும், 30 டாலர் கட்டலாம், அல்லது செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு சிங்க் செய்தால் காசு இல்லாமலே கிடைக்கும். இல்லையென்றால் விண்டோஸுக்குப் பதில் ஓடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலேயே அதிலிருந்து பூட் செய்து வைஃபை, சவுண்ட், பிரின்டர் எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்கலாம். தயாரா என்று கண்டுபிடிக்க அதைவிட நேர்மையான சோதனை விண்டோஸில் கிடையாது.

உங்களுக்கு அப்கிரேட் முடிந்ததும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் ஆச்சரியக்குறி எதிலாவது இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் ஆக்டிவேஷன். விண்டோஸ் 10 ஒழுங்காக ஆக்டிவேட் ஆகியிருந்தால் 11-உம் தானாக ஆகிவிடும், கீ எதுவும் கேட்காது. பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி போய் "கோ பேக்" அழுத்தலாம், ஆனால் 10 நாள்தான் கெடு. இந்த 10 நாளில் இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப் ஓட்டி விண்டோஸ்.ஓல்டை அழித்தால் அந்த வழியும் அடைபடும். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்ம் என்ற கமாண்டால் கெடுவை 60 நாள் வரை நீட்டிக்கலாம், ஆனால் 10 நாள் முடிவதற்குள் செய்ய வேண்டும். மாதக் கணக்கு முடிக்கும் சாஃப்ட்வேர் இருந்தால் நீட்டித்துவிடுங்கள், ஏனென்றால் அதன் கோளாறு மாதக் கடைசியில்தான் வெளியே வரும். அலமாரியில் இருக்கும் பழைய டிஸ்க்கையும் அந்த முதல் மாதக் கணக்கு சரியாக முடியும்வரை ஃபார்மட் செய்யாதீர்கள்.